மெரூன் 4417

என் கண்ணுக்கு முப்பது நாள் கெடு வைத்தார்கள். அதையும் என் கண்ணுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள்.

அன்று காலை பட்டறையில் ஒரு பச்சைத் துணியை விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்குக் குறுக்கே எழுத்து ஓடியது. 'அன்பான பயனரே, எங்கள் சேவை வரும் முப்பதாம் தேதி நண்பகலுடன் நிறைவடைகிறது. இத்தனை ஆண்டுகள் எங்களை நம்பியதற்கு நன்றி.' பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம் வேறு. கண்ணைப் பிடுங்குகிறவன் பூங்கொத்தா கொடுப்பான்? எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டேன். பிறகு நானே குனிந்து எடுத்தேன். ஏற்றுமதித் துணி, அழுக்குப் படக் கூடாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மோகனப்பிரியா. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துணியும் எங்கள் தொட்டியிலிருந்து வந்த துணியும் ஒரே நிறம்தானா என்று பார்த்து, சரி என்றால் ஷேடு கார்டில் கையெழுத்துப் போடுவேன். முப்பத்தோரு வயதில் விழித்திரை நோயில் என் பார்வை போயிற்று. மூளைக்குள் ஒரு சில்லு வைத்தார்கள். மூக்குக் கண்ணாடியில் இரண்டு கேமரா, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. கேமரா பிடிப்பதை மூளை அப்படியே வாங்கிக்கொள்ளாது. பெட்டி அதை நொடிக்கு அறுபது முறை புதிதாக வரைந்து உள்ளே அனுப்ப வேண்டும். அப்படி வரைகிற நிரலுக்கு வரைகலை நூலகம் என்று பெயர். புத்தகம் அடுக்கிய நூலகம் என்று நினைத்துவிடாதீர்கள். கோடு போட, நிறம் தீட்ட, நிழல் விழவைக்க என்று ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் மூட்டை அது. அந்த மூட்டைக்குக் கண் கம்பெனி போட்ட பூட்டு முப்பதாம் தேதி நண்பகல் விழுந்துவிடும். அதற்குப் பிறகு பெட்டி ஓடும், படம் வராது.

ஒன்பது வருடமாக அந்தக் கண்தான் எனக்குச் சோறு போட்டது. சாதாரணக் கண்ணைவிட நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருந்தது. நான் பார்த்தேன் என்றால் அது அலுவலகங்களில் செல்லும். சாட்சிக்காகப் பார்த்தது எதுவாக இருந்தாலும் கேமரா பிடித்தபடியே பெட்டிக்குள் ஏழு வருடம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் குப்பை, சாக்கடை, நாற்றம் என்று புலம்பும்போது, நாற்றம் உண்மைதான், ஆனால் பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது, இந்த ஊர்க்காரர்களுக்குப் புலம்பாவிட்டால் பொழுது போகாது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் மாதிரிக் கண் வைத்தவர்கள் நாடு முழுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழு இருந்தது. அன்று சாயங்காலம் குழுவில் ஒரே அழுகை. ஒருவன் மட்டும் அழவில்லை. வாணியம்பாடிக்காரன், பெரோஸ், மென்பொருள் வேலை. நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"கம்பெனிக்காரன் போறப்ப மூல நிரலைப் பொதுவுல கொட்டிட்டுப் போயிருக்கான் அக்கா. சட்டப்படி கொட்டித்தான் ஆகணும்" என்றான்.

"கொட்டினதை எடுத்துப் பெட்டில போட்டுக்க வேண்டியதுதானே?"

"அது அரிசி அக்கா. பெட்டி சோறுதான் திங்கும். நாமதான் வடிச்சுக் கொடுக்கணும். அதுக்குப் பேருதான் கம்பைல் பண்றது. நாமே வடிச்சதுக்குக் கம்பெனிப் பூட்டு கிடையாது."

"சரி, வடி."

"வடிச்சாச்சு. என் பெட்டியில போட்டும் பாத்தாச்சு" என்றான். "அவசரத்துல பழைய நூலகத்து மேலயே புதுசை எழுதிட்டேன். பழசைப் பத்திரம் பண்ணலை. புதுசும் ஓடலை. இப்ப என் பெட்டி எதையும் வாங்க மாட்டேங்குது. காலையில இருந்து இருட்டுதான் அக்கா. கம்ப்யூட்டர் வாசிச்சுச் சொல்றதைக் கேட்டுத்தான் உங்ககிட்டப் பேசிட்டு இருக்கேன்."

அவன் அழாததற்கு அதுதான் காரணம் என்று அப்போது புரிந்தது. அழுகிற கட்டத்தை அவன் தாண்டியிருந்தான்.

"என் பெட்டியைத் திறந்து சரி பண்ண ஆள் இருக்கு. ஆனா சரியா ஓடற நூலகம் ஒண்ணு கையில இருந்தாத்தான் திறக்க முடியும். முதல்ல யாராவது ஒருத்தர் பெட்டியில ஓட்டிக் காட்டணும். குழுவுல கேட்டேன். எல்லாருக்கும் பயம்."

"நான் ஓட்டறேன்" என்றேன்.

வீரம் ஒன்றுமில்லை. எப்படியும் போகப்போகிற கண். கையைக் கட்டிக்கொண்டு முப்பதாம் தேதிக்குக் காத்திருக்க எனக்கு மனசு ஒப்பாது.

லினக்ஸ் எனக்குப் புதிதல்ல. பட்டறையில் நிறம் அளக்கிற கருவியின் கம்ப்யூட்டர் அதில்தான் ஓடும். கருப்புத் திரையில் கட்டளை அடிப்பது ஒன்பது வருடப் பழக்கம். பட்டறையில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்தேன். வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். பெரோஸ் போனில் இருப்பான்.

முதல் நாள் கட்டளையை அடித்ததுமே அது இல்லை, இது இல்லை என்று பதினான்கு பிழை. இந்த நூலகத்துக்கு வேறொரு நூலகம் வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும். கல்யாணத்துக்குச் சொந்தபந்தத்தை, ஒறம்பரையை, அழைக்கிற கதைதான். ஒருவரைக் கூப்பிட்டால், அவர் தன் பங்காளி வராமல் வரமாட்டார். பங்காளியைக் கூப்பிட்டால், பழைய பதிப்பு பங்காளி வேண்டாம், புதுப் பதிப்பு வேண்டும் என்பார். ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றாக உட்கார வைத்தேன். பதினான்கு ஒன்பதாயிற்று, ஒன்பது நான்காயிற்று. என் வீட்டுக்காரர் மகேஸ்வரன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எப்படிப் போகுது?" என்பார். நான் பதில் சொல்வதற்குள் "நல்லாத்தான் போகுது" என்று அவரே சொல்லிவிட்டுப் போவார்.

ஒன்பதாம் நாள் ஒரே ஒரு பிழை மிஞ்சியது. 'கம்ஃபர்ட்' என்று ஒரு பகுதி. அதைக் கட்டுவதற்கு வேண்டிய ஏதோ ஒரு கோப்பைக் கம்பெனி வெளியிடவே இல்லை.

"அது என்ன பண்ணும் பெரோஸ்?"

"தெரியலை அக்கா. பேரைப் பாத்தா கண் கூசாம இருக்கறதுக்குன்னு தோணுது. படம் வர்றதுக்கு அது தேவையில்லை. நானும் அணைச்சுட்டுத்தான் வடிச்சேன். நீங்களும் அணைச்சு வைங்க."

அமைப்புக் கோப்பில் அந்த வரியைத் தேடி, 'இயக்கு' என்று இருந்ததை 'அணை' என்று மாற்றினேன். ஒரே ஒரு சொல்தான். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பதினைந்தாம் நாள் கம்பைல் ஓடத் தொடங்கியது. மூன்று மணி நேரம் வரி வரியாக ஓடி, நூறு சதவீதம் என்று நின்றது. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. சோதனை நிரலை ஓட்டினேன். 'நூலகம் காணோம்' என்றது.

"என்னய்யா இது? கண்ணு முன்னாடி குத்துக்கல்லாட்டம் கிடக்குது, காணோங்குது."

பெரோஸ் பதினைந்து நாளில் முதல் முறையாகச் சிரித்தான். "நீங்க வெச்ச இடம் உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா? தேட வேண்டிய இடம்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. அதுல சேத்துட்டு, பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லுங்க."

இரண்டு வரி அடித்தேன். சோதனை நிரல் திறந்து, திரையில் ஒரு வண்ண முக்கோணம் வந்தது. அவ்வளவு அழகான முக்கோணத்தை நான் பார்த்ததே இல்லை.

"இனி உங்க பெட்டிதான்" என்றான் பெரோஸ். "பழசைப் பத்திரமா ஒரு பக்கம் எடுத்து வைங்க. அதை எடுத்துட்டுப் புதுசு ஓடற வரைக்கும் இருட்டாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. இன்னொண்ணு. கண்ணுள்ள ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தே ஆகணும்."

"எதுக்கு?"

"நீங்க பாக்கறது நிஜமான்னு உங்களுக்குத் தெரியாது அக்கா. உள்ள எதை அனுப்பினாலும் மூளை நம்பிடும். பக்கத்துல இருந்து, இது சரி, இது தப்புன்னு சொல்ல ஆள் வேணும்."

"என்ற வீட்டுக்காரர் இருக்காரு."

"உள்ளதைச் சொல்வாரா? உங்க மனசு நோகுமேன்னு பாக்காம?"

நான் யோசித்தேன். மகேஸ்வரன் தங்கமான மனிதர். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் நல்லாருக்கு என்பார். நான் கண் இல்லாமல் இருந்த காலத்தில் அந்த நல்லாருக்கு எனக்கு ஊன்றுகோலாக இருந்தது. ஆனால் இந்த வேலைக்கு அவர் ஆகமாட்டார். என் மனம் நோகுமே என்று துளியும் பார்க்காத ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் நான்கு வருடமாக என்னோடு பேசுவதில்லை.

சங்கவி, மகேஸ்வரனின் தங்கை. திருப்பூருக்குக் கிழக்கே, பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் அவள் தோட்டம். அவள் தோட்டத்தை ஒட்டி ஓடை ஒன்று போகிறது. நான் வேலை பார்க்கிற பட்டறை விடிகாலையில் சாயத் தண்ணீரை அந்த ஓடையில் திறந்துவிடுவதாக அவள் புகார் கொடுத்தாள். அதிகாரிகள் வருவதற்குள் தண்ணீர் ஓடித் தீர்ந்திருக்கும். அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. 'நங்கை, உங்க கண்ணு ஆபீஸ்ல செல்லுமே, வந்து பாத்துச் சொல்லுங்க' என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வேலை பார்க்கிற பட்டறைக்கு எதிராகவே என்னைக் கூப்பிட்டாள் என்றால் என் மேல் அவளுக்கு எத்தனை நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

நானும் போனேன். காலை ஆறு மணி. சங்கவி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று இரண்டு கையையும் முக்கித் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. அவள் கை சுத்தமாக இருந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். அலுவலகத்தில் என் பெட்டியைத் திரையில் மாட்டி அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெளிந்த தண்ணீர்தான் தெரிந்தது. புகாரைத் தள்ளிவிட்டார்கள். வாசலில் வைத்து அவள் கேட்டாள், "சோறு போடற பட்டறைக்காகப் பொய் சொன்னீங்களா?" நான் சொன்னேன், "என்ற கண்ணால பாத்ததைத்தான் சொன்னேன்." அதோடு சரி.

இப்போது அவள் தோட்டத்துக்குப் போய் நின்றேன். தென்னைகள் பாதிக்கு மேல் மொட்டையாக நின்றன. கிணற்றை முள்வேலி போட்டு அடைத்திருந்தாள். லாரித் தண்ணீர் பிடித்து வைத்த நீல டிரம்மிலிருந்து மாட்டுக்கு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள், நிமிராமல்.

"கண்ணு போகப்போகுது சங்கவி. முப்பதாந்தேதி."

மொள்ளுகிற கை ஒரு நொடி நின்றது. பிறகு மொண்டது. "அதுக்கு நான் என்ன பண்றதுங்க?"

"நானே ஒண்ணு செஞ்சிருக்கறேன். போட்டுப் பாக்கோணும். நான் சொல்றது சரியா தப்பான்னு சொல்லப் பக்கத்துல ஒரு ஆளு வேணும்."

"எங்கண்ணன் என்ன ஆனாரு?"

"உங்கண்ணன் எல்லாத்துக்கும் நல்லாருக்குதும்பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு முகத்தை இறுக்கினாள். "நான் சொன்னா மட்டும் நம்புவீங்களா? அன்னைக்கு நான் கையத் தூக்கிக் காட்டினப்ப நம்புனீங்களா?"

"என்ற கண்ணால..."

"போங்க நங்கை. அதே பாட்டு."

அவள் போய் மாட்டுக் கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்தாள். நான் தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்தேன். நான்கு மணிப் பேருந்து போன சத்தம் கேட்டது. ஐந்து மணிப் பேருந்தும் போயிற்று. அவள் பால் கறந்தாள், சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தாள், நான் அதே இடத்தில் இருந்தேன். கடைசியில் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"ஞாயித்துக்கெழமை வர்றேன். ஆனா மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுவேன். அப்புறம் அழுகக் கூடாது."

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன்" என்றேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தாள். மகேஸ்வரனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டேன். போனை மேசை மேல் வைத்தேன். பெரோஸ் மறுமுனையில். பழைய நூலகத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை நிறுத்தினேன். இருட்டு வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த அதே இருட்டு. பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

"கட்டளை அடிச்சாச்சு, ஒரு பொத்தான்தான் பாக்கி. அமுத்துங்க" என்று சங்கவி என் விரலைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தாள்.

வெளிச்சம் வந்தது. சங்கவி உத்தரத்தில் கால் வைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"சங்கவி, நீ தலைகீழா நிக்கறே."

"நான் நேராத்தான் நிக்கறனுங்க. நீங்கதான் தலைகீழாப் பாக்கறீங்க. எப்பவும் போல."

போனில் பெரோஸ் துள்ளிக் குதிக்கிற சத்தம் கேட்டது. "படம் வந்துருச்சா அக்கா? தலைகீழா வந்தாலும் வந்துருச்சுல்ல!" சில நிரல்கள் படத்தை மேலிருந்து கீழாக எண்ணும், சில கீழிருந்து மேலாக எண்ணும், கேமரா ஒரு கட்சி, நம் நூலகம் இன்னொரு கட்சி என்று விளக்கினான். அவனே அங்கிருந்து அதை மாற்றி மறுபடி வடித்து அனுப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை பெட்டியை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். சங்கவி எழுந்து போகவில்லை.

இரண்டாம் முறை எல்லாம் நேராக நின்றது. சங்கவியின் நெற்றியில் குங்குமம் நீலமாக இருந்தது.

"பெரோஸ், சிவப்பும் நீலமும் எடம் மாறிக் கெடக்குது."

"எப்படி அக்கா ஒரே நொடியில சொன்னீங்க? நான் ஒரு நாள் தேடியிருப்பேன்."

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கறாங்க."

மூன்றாம் முறை குங்குமம் குங்குமமாக இருந்தது. பிற்பகல் மூன்று மணி. பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஷேடு கார்டுகளைச் சங்கவி கலைத்து, எண்ணை மறைத்து ஒவ்வொன்றாக நீட்டினாள். நான் எண்ணைச் சொன்னேன். இருபத்திரண்டும் சரி. ஒவ்வொரு தடவையும் "சரி" என்று வேண்டா வெறுப்பாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்ததால் அந்தச் சரி எனக்கு இனித்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விளக்குக்கு அடியில் பொருந்துகிற இரண்டு துணி வெயிலில் பொருந்தாமல் போகலாம். அதனால் எந்த ஷேடையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டோம். அந்த வழக்கப்படி கார்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கார்டுகள் சரியாகவே இருந்தன. மற்றதுதான் சரியில்லை.

"பெரோஸ், ஒரு கோளாறு. சுவத்துல பூராவும் கறை கறையாத் தெரியுது. வாசல் சாக்கடை கறுப்பா இருக்குது, மேல என்னென்னவோ கவரு மெதக்குது. எதிர்வீட்டு மூலைல குப்பை மலையாட்டம் தெரியுது. பெட்டி இல்லாததை எல்லாம் வரையுது."

பெரோஸ் தட்டச்சு செய்யத் தொடங்கினான். சங்கவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நங்கை" என்றாள் மெதுவாக. "அது அங்க இருக்குதுங்க."

"எது?"

"கறை, சாக்கடை, குப்பை எல்லாந்தான். நீங்க இந்த வீட்டுக்குக் குடி வந்த நாள்ல இருந்து இருக்குது."

"நான் பாத்ததே இல்லியே."

போனில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. "அக்கா" என்றான் பெரோஸ். "அந்த அணைச்சு வெச்ச பகுதி. அதைக் கூப்பிடற இடத்துல எழுதினவன் ஒரு குறிப்பு வெச்சிருக்கான். இப்பத்தான் வாசிக்கச் சொல்லிக் கேக்கறேன். புதுசாக் கண் வெச்சவங்க அசிங்கத்தைப் பாத்து வாந்தி எடுத்தாங்களாம், அழுதாங்களாம். அதனால கறை, ரத்தம், குப்பை, அழுக்குத் தண்ணி, இதுல எது தெரிஞ்சாலும் அதை அழிச்சுட்டுச் சுத்தமா வரைஞ்சு காட்டணும். எல்லாருக்கும், எப்பவும். துணி, சாப்பாடு நிறத்தை மட்டும் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"நம்மகிட்டக் கேக்கவே இல்லையே."

"மனசு நோகும்னு விட்டிருப்பான்."

சங்கவி என் கையிலிருந்த கார்டுக் கட்டை வாங்கிக்கொண்டாள். "அழுக்குத் தண்ணியுமா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

நான் உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

"பெரோஸ், சாட்சிக் கோப்புன்னு பெட்டிக்குள்ள இருக்குமே. அதைப் போட்டா எப்படித் தெரியும்?"

"கேமரா பிடிச்சது பிடிச்சபடி இருக்கும் அக்கா. வரையறது நூலகம்தான். அன்னைக்குக் கம்பெனி நூலகம் வரைஞ்சுது. இப்ப நம்மது வரையும்."

நான்கு வருடத்துக்கு முந்தைய தேதியைத் தேடி எடுத்தேன். சங்கவி எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திரையில் மாட்டுகிற கருவி அலுவலகத்தில்தான் உண்டு, இங்கே அது எனக்குள் மட்டும்தான் ஓடும். பொத்தானை அமுக்கினேன்.

காலை ஆறு மணி வெளிச்சம். நான் நின்ற அதே பாறை. ஓடை முழுக்க அடர்ந்த சிவப்பு. கரையோரக் கோரைப்புல்லில் சிவப்பு நுரை ஒதுங்கியிருந்தது. நடுவில் சங்கவி, நான்கு வயது இளையவளாக, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். குனிந்து இரண்டு கையையும் முக்கித் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முழங்கை வரை சிவப்பு வழிந்து சொட்டியது. அப்போது என் குரல் கேட்டது. "தண்ணி தெளிவாத்தானே இருக்குது சங்கவி. உன்ற கையில ஒண்ணுமில்லியே."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தன் கையைப் பார்த்தாள். தன் கண் மேலேயே அவளுக்கு ஒரு நொடி சந்தேகம் வந்ததை நான் பார்த்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தென்னை போனதையும் கிணறு போனதையும்விட அந்த ஒரு நொடிதான் என்னை அறுத்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

"என்ன தெரியுது?" என்று எதிரில் இருந்த சங்கவி கேட்டாள்.

"மெரூன்" என்றேன். "நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

"அதென்ன நம்பரு?"

எங்கள் பட்டறை ஷேடு எண். மெரூனில் நூறு இருக்கிறது, எனக்கு இது மறக்காது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகப் போட்ட நிறம். ஓடையைப் பார்க்கப் போன அந்த வாரம் நான்கு முறை சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். ஐந்தாம் முறை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்து, சரி என்று கார்டில் கையெழுத்துப் போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட அன்றுதான் தொட்டியில் மொத்தத் துணியையும் போடுவார்கள். தொட்டித் தண்ணீரை மறுநாள் விடிகாலையில் திறப்பார்கள். அது சுத்திகரிப்புக்குப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஓடையில் அந்த நிறம் ஓடுவதற்குச் சரி சொன்னவளே நான்தான். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கார்டு பட்டறை அலமாரியில் இன்னமும் இருக்கிறது, நான் ஓடைக்குப் போனதற்கு முந்தின நாள் தேதியோடு.

சங்கவி எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அழுகக் கூடாதுன்னு சொன்னனில்ல" என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் நூலகத்தைக் குழுவுக்கு அனுப்ப ஆயத்தம் செய்தோம். யாரோ அதற்குள் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சிலர் அந்தக் கம்ஃபர்ட் பகுதியை எப்படியாவது எழுதிச் சேர்த்துத் தரும்படி கேட்டார்கள். சேலத்திலிருந்து ஒரு அம்மா, என் வீட்டுக்காரர் உடம்பில் புண் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சோறு ஊட்டுவேன் என்று எழுதியிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்று வரைக்கும் தெரியவில்லை.

"என்ன பண்ணலாம் அக்கா?" என்றான் பெரோஸ்.

"அணைச்சே அனுப்பு. கேக்கறவங்களுக்கு வேணும்னா எழுதிக் கொடுக்கலாம். கேக்காதவங்களுக்குப் போட வேண்டாம்."

இருபத்தாறாம் தேதி அவன் பெட்டியைத் திறந்து சரி செய்தார்கள். அவன் பார்வை வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டான். "அக்கா, என் ரூம் இத்தனை கேவலமாவா இருந்துச்சு?" என்று சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான்.

நானும் சங்கவியும் முப்பதாம் தேதி சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனோம். ஷேடு கார்டு, சாட்சிக் கோப்பு, நான் எழுதிய புது வாக்குமூலம், மூன்றும் என் பையில் இருந்தன. படியேறும்போது அவள் நின்றாள்.

"இதக் கொடுத்தா உங்க வேலை போயிருமுங்க."

"போகட்டும்."

"எங்கண்ணன் என்ன சொன்னாரு?"

"நல்லாருக்குன்னாரு."

அவள் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை.

உள்ளே ஒரு அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, போன தடவையும் என் கண்ணால பாத்தேன்னுதான் எழுதிக் கொடுத்தீங்க. நாங்களும் போட்டுப் பாத்தோம். இந்தத் தடவை உங்களை எதை வெச்சு நம்பறது?"

நியாயமான கேள்வி. கோப்பைப் பற்றி, நூலகத்தைப் பற்றி, அணைத்து வைத்த அந்த வரியைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்ல என்னிடம் விஷயம் இருந்தது. கருவி அளவு எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஷேடு கார்டும் இருந்தது. அதையெல்லாம் பிறகு சொன்னேன். முதலில் வேறொன்று சொன்னேன்.

"போன தடவை இவ சொன்னதைக் கேக்காம, நான் பாத்ததை மட்டும் எழுதினனுங்க. இந்தத் தடவை இவளை வெச்சுச் சரிபாத்துட்டு எழுதியிருக்கறேன். கீழ இவ கையெழுத்தும் வாங்கிக்குங்க."

அவர் தாளைச் சங்கவி பக்கம் திருப்பினார். அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. என் பக்கம் தள்ளி, "படிங்க, கேக்கறேன்" என்றாள்.

நான் முதல் வரியிலிருந்து படித்தேன். அவள் ஒவ்வொரு வரிக்கும் விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். 'என் நாத்தனார் சங்கவி உண்மையைத்தான் சொன்னார்' என்ற வரி வந்தபோது விரல் நின்றது. நான் நிறுத்தினேன்.

"சரியாத்தான் படிக்கறீங்க. மேல படிங்க" என்றாள்.

முடித்து நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால். கம்பெனி கொடுத்த கெடு கால் மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. படிக்கிற மும்முரத்தில் நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. சங்கவி பேனாவை வாங்கி என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். மேசையில் பழைய டீக்கறை ஒன்று இருந்தது. தாள் அதில் படாமல் பார்த்து எடுத்து அதிகாரியிடம் கொடுத்தேன்.